ரீச்சரிடம் கேளுங்கள்: காற்றடித்து வைத்த சைக்கிள்

சென்ற இதழில், வேதத்தை வளைத்துச் சனத்தை ஏமாற்றும் கள்ளப் போதகம் பற்றி நாலு வரி எழுதி, “உங்கள் ஊரில் எப்படி?” என்று கேட்டுவைத்தேன். அதற்குப் பிறகு தபால்காரத் தம்பி என் படலையில் சைக்கிளை நிறுத்தாத நாள் இல்லை. “ரீச்சர், உங்களுக்கெண்டு தனிப் பை கட்டவேணும் போல” என்று பகிடி வேறு. தருமபுரம், விசுவமடு, ஒட்டுசுட்டான், முழங்காவில், மடு றோட் என்று வன்னி முழுக்கவிருந்து கடிதங்கள். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று: நான் போதகர் இல்லை. முப்பத்தொரு வருஷம் கிறிஸ்தவ பாடம் படிப்பித்துவிட்டு, வட்டக்கச்சியில் வாய்க்கால் கரையோரம் இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர், அவ்வளவுதான்.

எழுதினவர்களின் பெயரையும் சபைகளின் பெயரையும் எடுத்துவிட்டேன். ஒரே கூத்துத்தான் பல பெயர்ப்பலகைக்குக் கீழே நடக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சலரோகமும் பிரஷரும் இருக்கிறது. இப்போது போகிற ஜெபக்கூட்டத்தில் ‘மருந்து போடுகிறவர்களுக்கு விசுவாசம் இல்லை’ என்று சொன்னதிலிருந்து குளிசைகளை நிறுத்திவிட்டு ஜெப எண்ணெய் பூசுகிறா. நான் ஏதும் சொன்னால் ‘உன் வாயால் பிசாசு பேசுது’ என்கிறா. — மகள், தருமபுரம்

இது இதழ் அச்சாகும்வரை வைத்திருக்கிற கேள்வி இல்லை. அதனால் இந்த மகளுக்குக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் எடுத்துவிட்டேன். அவவுக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். முதலில் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாக்குவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பிரஷர்க் குளிசையைச் சடுதியாக விட்டால் பாரிசவாதம் வரக்கூடும். சீனி ஏறி நின்றால் காலில் பட்ட சின்னக் காயமும் ஆறாது. செருப்பில்லாமல் வயலுக்குள் இறங்குகிற சனத்துக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சிறுவயதிலிருந்தே இன்சுலின் போடுகிற பிள்ளைகள் என்றால் ஊசியை நிறுத்திச் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து.

இனி வேதாகமம். எபேசு பட்டணத்தில் பவுலின் உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19 சொல்கிறது. அதே பவுல், தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு என்றதும் உறுமால் அனுப்பவில்லை. கொஞ்சம் திராட்சரசம் குடி என்று எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). ‘துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்’ என்றும் எழுதியிருக்கிறார் (2 தீமோத்தேயு 4:20). துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு சொல் அங்கே உண்டா? எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து வருஷம் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் வைப்பித்தான் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் மருந்துப் பத்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது.

எண்ணெய் பூசி ஜெபிப்பதை நான் பழிக்கவில்லை, அது யாக்கோபின் நிருபத்தில் இருக்கிறது. போத்தல் என்ன விலை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், யாக்கோபு விலை எழுதவில்லை. அம்மாவுடன் சண்டை பிடிக்காமல் இப்படிச் சொல்லலாம்: “அம்மா, எண்ணெயும் பூசுங்கோ, குளிசையும் போடுங்கோ. கர்த்தர் சுகம் தந்தால் இரத்தப் பரிசோதனையில தெரியும்தானே, டொக்டரே குளிசையைக் குறைப்பார்.” இயேசுவே தாம் சுகமாக்கின குஷ்டரோகியை ‘போய் ஆசாரியனுக்குக் காட்டு’ என்றுதான் அனுப்பினார். அந்தக் காலத்தில் தோலைப் பார்த்துச் சுகமென்று சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. தாம் செய்ததைப் பரிசோதிக்க அவர் பயப்படவில்லை.

கேள்வி: 2022 இல் பெற்றோலுக்கு கியூஆர் குறி வந்தபோது அது வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் முத்திரை என்று எங்கள் பாஸ்ரர் பிரசங்கித்தார். இப்போது இயேசுவின் இரண்டாம் வருகையின் வருஷத்தையே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். நம்பலாமா? — உயர்தர மாணவன், பரந்தன்

தம்பி, அந்த நாட்களில் அவர் தன் மோட்டார் சைக்கிளுக்கு எதைக் காட்டி எண்ணெய் அடித்தார் என்று கேட்டீரா?

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்று ஒரு கமக்காரர் தானியேலின் புத்தகத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அவரைப் பின்பற்றினவர்கள் கடைசியில் 1844 ஒக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். சிலர் விளைந்த பயிரைக்கூட அறுக்காமல் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். கமக்காரக் குடும்பத்தில் பிறந்தபடியால் எனக்கு அந்தப் பயிரை நினைத்துத்தான் வயிறு எரிகிறது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று இயேசு சொன்னார். குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 இல் தம்மையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அவர் தெரியாது என்று விட்ட கணக்கு உங்கள் பாஸ்ரருக்கு மட்டும் விடை வந்திருக்கிறது. நீர் போய் உம்முடைய சோதனைக்குப் படியும்.

கேள்வி: கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். நுண்கடன் எடுத்துத் தையல் மெசின் வாங்கினேன். மாதம் 24,000 வந்தால் 14,000 கடனுக்கே போகிறது. வருமானத்தில் பத்திலொரு பங்கான தசமபாகம் கொடுக்காதவர் சாபத்துக்குள் இருக்கிறார் என்று சபையில் மல்கியாவை வாசிக்கிறார்கள். ஏழை விதவையின் இரண்டு காசையும் சொல்லிக் காட்டுகிறார்கள். கர்த்தருக்குக் கொடுப்பதா, கடனைக் கட்டுவதா? — விசுவமடு

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எழும்பி முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். கோபம் வந்தால் நான் செய்கிற வேலை அது.

மல்கியா 3:10 ஐ வாசித்தவர் அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே ஏன் ஏறவில்லை என்று தெரியவில்லை. அங்கே ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாக நான் சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். பத்தாம் வசனத்தில் கொண்டுவரச் சொன்னதும் காசு இல்லை. ‘என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி’ பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொன்ன விளைச்சல் அது. எங்கள் பெரியவர்கள் கொம்பறையில் நெல் கொட்டி வைத்தார்களே, அந்த மாதிரி. அந்தத் தானியம் யாருக்குப் போனது? உபாகமம் 14:28, 29 ஐ வாசியுங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைக்க, காணி இல்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும்.

அந்தப் பட்டியலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். தசமபாகம் வாங்கவேண்டிய ஆளிடம் தசமபாகம் கேட்கிறார்கள்.

இனி அந்த இரண்டு காசு. இதை நானும் பல வருஷம் பிள்ளைகளுக்குப் பிழையாகத்தான் படிப்பித்தேன், ‘பாருங்கள், எவ்வளவு நல்ல அம்மா’ என்று. மாற்கு 12 இல் 41 ஆம் வசனத்தில் அந்தக் கதை தொடங்குகிறது. அதற்கு முந்தின வசனத்தில் இயேசு வேதபாரகரைப் பற்றிச் சொன்னது என்ன? நீண்ட ஜெபம்பண்ணி ‘விதவைகளின் வீடுகளைப் பட்சித்து’ வருகிறவர்கள் என்றார். அந்தச் சொல் வாயை விட்டுப் போக முன்னரே ஒரு விதவை வந்து தன் சீவனத்துக்கு இருந்ததெல்லாவற்றையும் காணிக்கைப் பெட்டியில் போடுகிறாள். கதை முடிந்து அடுத்த அதிகாரம் திறந்த உடனே, இந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராமல் இடிக்கப்படும் என்கிறார். மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். இயேசு அவளை மெச்சினார், அது உண்மை. ஆனால் அவள் கையில் கடைசிக் காசு மட்டும் இருக்கும்படி செய்தவர்களையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதனால் கடனைக் கட்டுங்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள். பவுல் கேட்டது ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ கொடுப்பதை (2 கொரிந்தியர் 9:7). மனம் கேட்காவிட்டால் என் அம்மா செய்ததைச் செய்யலாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவா. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், கோயிலிலிருந்து இன்னும் ஏழையான ஒரு வீட்டுக்குப் போகும். எத்தனை பிடி என்று ஒருவரும் எண்ணவில்லை. போடாத மாதத்துக்குச் சாபமும் இல்லை.

இன்னொன்று. உங்கள் சபையில் கணக்கு வாசிக்கிறார்களா? எங்கள் சபையில் வருஷாந்தக் கூட்டத்தில் மெழுகுதிரிக்கு எவ்வளவு, கூரை ஓட்டுக்கு எவ்வளவு என்று பொருளாளர் வாசித்துக்கொண்டே போவார். நான் பின்வாங்கில் இருந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். அந்தக் கொட்டாவியின் அருமை உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

கேள்வி: பிரசங்கத்தில் வந்த ஒரு பிழையைச் சுட்டிக் காட்டினேன். ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று சொல்லி வாலிபர் கூட்டத்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். — ஒட்டுசுட்டான்

அந்த வசனம் சங்கீதம் 105:15. யாரைப் பற்றியது என்று அறிய மூன்று வசனம் மேலே போகவேண்டும்: ‘கொஞ்சத்தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்களும் பரதேசிகளுமாயிருந்தார்கள்.’ ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் குடும்பம். ஊர் ஊராக இடம்பெயர்ந்து திரிந்த, காணித் துண்டு இல்லாத சனம். தொடாதே என்று எச்சரிக்கப்பட்டவர்கள் ராஜாக்கள். எங்கள் மொழியில் சொன்னால், தறப்பாள் கொட்டிலில் இருக்கிறவனைத் தொடாதே என்று அதிகாரத்தில் இருப்பவனுக்குச் சொன்ன வசனம். அதை மேடையில் ஒலிவாங்கி பிடித்திருப்பவர் கீழே இருக்கிற பெடியனுக்குச் சொல்கிறார்!

அந்தியோகியாவில் பேதுரு பிழைவிட்டபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார், அதுவும் எல்லாருக்கும் முன்பாக (கலாத்தியர் 2). பேதுருவைவிடப் பெரிய அபிஷேகமா உங்கள் பாஸ்ரருக்கு? பெரோயா ஊர்ச் சனம் பவுல் சொன்னதையே ‘காரியங்கள் இப்படியிருக்கிறதா’ என்று தினமும் வேதத்தைத் திறந்து பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று லூக்கா எழுதிவைத்தார், கூட்டத்திலிருந்து நிறுத்தவில்லை.

ஆனால் தம்பி, நீர் எப்படிக் கேட்டீர் என்று கடிதத்தில் இல்லையே. போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு கேட்டிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். அப்பொல்லோ குறைவாகப் பிரசங்கித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தனியே சேர்த்துக்கொண்டு விளங்கப்படுத்தினார்கள். முதலில் வீட்டுக்குப் போய்க் கேளும். இரண்டாம் தரமும் கதவைச் சாத்தினால் வேறு கோயில் தேடும், வன்னியில் கோயிலுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். தங்கை புதுச் சபை ஒன்றில் சேர்ந்து, மடு மாதா படத்தைக் கழற்றி எறியச் சொல்கிறாள். இதுவும் கள்ளப் போதகமாம். நீங்கள் புரட்டஸ்தாந்து. மறைக்காமல் சொல்லுங்கள். — மடு றோட்

மறைக்கவில்லை. நான் செபமாலை சொல்வதில்லை, மாதாவிடம் மன்றாடுவதும் இல்லை. உங்களுக்கும் எங்களுக்கும் இந்த வழக்கு ஐந்நூறு வருஷமாக நடக்கிறது. நான் இந்தப் பத்தியில் தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் எனக்கு உடன்பாடில்லாதது எல்லாம் கள்ளப் போதகம் என்றால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதியே இல்லாமல் போய்விடும். நீங்களும் நாங்களும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம். பாடுபட்டு, மரித்து, உயிர்த்தெழுந்தவர் ஒருவரே என்கிறோம். அங்கே கை வைக்கிறவனைத்தான் நான் ஓநாய் என்பேன்.

உங்கள் தங்கைக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1670 அளவில் மாந்தைப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மடு மாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடினது ஒல்லாந்தருக்குப் பயந்து. ஒல்லாந்தர் யார்? சீர்திருத்தச் சபைக்காரர், என் பக்கத்து ஆக்கள். அவர்களும் ‘கள்ளப் போதகத்தை ஒழிக்கிறோம்’ என்றுதான் தொடங்கினார்கள். 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கவேண்டி வந்ததும் அதனால்தான். கண்டியில் அம்மை நோய் பரவி, பெற்ற பிள்ளைகளே பெற்றாரை விட்டு ஓடினபோது அவர் நோயாளிகளைக் கழுவித் துடைத்தார். 2015 இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். என் சபைக்காரர் அல்லர், ஆனாலும் நல்ல மேய்ப்பன் எப்படி இருப்பான் என்று வகுப்பில் கேட்டால் நான் அவரைத்தான் சொன்னேன்.

1990களில் இடம்பெயர்ந்து மடு வளவில் நாங்களும் கிடந்தோம். கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஒருவரும் என் விசுவாசப் பிரமாணத்தைக் கேட்கவில்லை. 2008 சித்திரையில் சுருபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தவதான்.

படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். தங்கையைச் செபமாலைக்கு வரச்சொல்லி நீங்களும் நெருக்க வேண்டாம். மாதா வணக்கத்தில் எது சரி, எது மிஞ்சினது என்ற கேள்வியை உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். இந்தப் புரட்டஸ்தாந்துக் கிழவியிடம் கேட்டால் அது நியாயமில்லை.

கேள்வி: பையும் புத்தகமுமாக இருவர் வீட்டுக்கு வந்து, இயேசு தேவன் அல்ல, முதலில் படைக்கப்பட்டவர் என்கிறார்கள். வேதாகமத்தை வைத்துத்தான் கதைக்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. — முழங்காவில்

வெய்யிலில் வந்திருப்பார்கள், முதலில் தண்ணீர் கொடுங்கள். எண்ணெய் விற்கிறவரைவிட இவர்கள் மரியாதையானவர்கள். ஆனால் மரியாதையாகச் சொன்னால் பிழை சரியாகாது.

சரக்கும் புதிது இல்லை. அலெக்சாந்திரியாவில் ஆரியூஸ் என்ற மூப்பர் இதையே சொன்னார். குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்றார். 325 இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி அதை மறுத்தார்கள். நற்கருணை ஆராதனையில் நாம் வாய்ப்பாடு மாதிரி ஓடவிடுகிற நிசேயா பிரமாணத்தில், குமாரன் ஜெனிப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்ற பொருளில் ஒரு வரி வருகிறதே, அது அந்தச் சண்டையின் தழும்பு. தச்சன் செய்கிற கதிரை மரம். தச்சன் பெறுகிற பிள்ளை தச்சனைப் போல மனிதன். பெறுவதும் செய்வதும் ஒன்றல்ல.

ஒரே ஒரு இடத்தைக் காட்டினால் போதும். தோமா இயேசுவைப் பார்த்து ‘என் ஆண்டவரே, என் தேவனே’ என்றான் (யோவான் 20:28). கொர்நேலியு காலில் விழுந்தபோது பேதுரு ‘எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்’ என்று தூக்கிவிட்டார். வெளிப்படுத்தின விசேஷத்தில் தேவதூதனும் ‘வேண்டாம்’ என்று தடுத்தான். தோமாவை இயேசு தடுக்கவில்லை. இதைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். அவர்கள் அடுத்த வசனத்துக்குப் பாய்ந்தால் கூடவே பாய வேண்டாம், உலையில் சோறு குழைந்துவிடும்.

கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் தாண்டும்போது என் மகனை வேறாக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவனுக்கு 19 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தீர்க்கதரிசி வீட்டு ஜெபத்துக்கு வந்தார். மகன் உயிரோடு இருக்கிறான், இருட்டான அறை, பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, நத்தாருக்கு முன் வருவான் என்றார். விதைக் காணிக்கை 50,000 கேட்டார். சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். இரண்டு நத்தார் போய்விட்டது. என் அவிசுவாசம்தான் தடுக்கிறதாம், இன்னொருக்கால் விதைக்க வேண்டுமாம். நான் அவிசுவாசியா? — ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

இல்லை அம்மா. நீங்கள் அவிசுவாசி இல்லை. இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அடகுத் துண்டைத் தேடி எடுங்கள். தவணை கடந்து ஏலத்துக்குப் போக முன் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இருட்டு அறை, தண்ணீர்ச் சத்தம் என்று அவர் எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். நீங்கள் போய்ப் பார்க்க முடியாதது எல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று போய்ப் பார்க்கக்கூடியது ஒன்றும் அவருக்குக் காட்டப்படவில்லை.

எரேமியா 28 ஐ இன்றைக்கு ஆறுதலாக வாசியுங்கள். பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து சனத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். தாய்மார் வழி பார்த்துக்கொண்டு இருக்கிற நேரம். அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் சொன்னார் என்கிறான். எரேமியாவுக்கு அது பொய்யென்று மனதில் படுகிறது. ஆனாலும் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்பது. அவனுக்கும் அந்தப் பிள்ளைகள் வரவேண்டும் என்ற ஆசை அம்மா. அனனியா அவன் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோதும் அவன் சண்டை பிடிக்கவில்லை, தன் வழியே போனான். பிறகு கர்த்தருடைய வார்த்தை வந்த பின்புதான் திரும்பி வந்து, ‘நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்’ என்றான். அடுத்த அதிகாரத்தில் அவன் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் இருக்கிறது. எழுபது வருஷம் என்று கசப்பான கணக்கைச் சொன்னான். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்றான்.

இனி நான் ஒன்று சொல்லவேண்டும். இதுவரை ஒரு இதழிலும் எழுதாதது.

2009 ஆனியில் செட்டிகுளம் முகாமில் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு தாய் இருந்தா. உங்களைப் போலத்தான், ஒரே மகன். தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்பா: “ரீச்சர், வேதம் படிச்சனீங்கள், சொல்லுங்கோ, வருவானோ?” ஒருநாள் அவவின் முகத்தைப் பார்க்க முடியாமல், “வருவான் அக்கா. ஆண்டவர் எனக்குக் காட்டினவர்” என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒருவரும் ஒன்றும் காட்டவில்லை. வெய்யில், களைப்பு, அவவின் கண், அவ்வளவுதான். காசு வாங்கவில்லை. அதனால் அது பொய்யில்லை என்று கனகாலம் என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

2017 மாசி 20 இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமற்போனவர்களின் தாய்மார் கொட்டில் போட்டு இருந்தார்களே, அங்கே ஒருநாள் போனேன். அவ இருந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னா: மீளக்குடியேறினபோது நிவாரணமாக ஒரு சைக்கிள் கிடைத்ததாம். அதை மகனுக்கென்று சாக்கால் மூடி வைத்திருக்கிறாவாம். மாதம் ஒருக்கால் காற்றடிப்பாவாம். “நீங்கள் சொன்னனீங்கள்தானே ரீச்சர்.” அவ வேலைக்குப் போகிற இடம் நாலு கட்டை தூரம். நடந்து போகிறா.

அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமைதான் திரும்பப் போய், “அக்கா, அண்டைக்கு நான் சொன்னது நானாகச் சொன்னது. எனக்குத் தெரியாது” என்றேன். அவ கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப வரமாட்டான் எண்டும் உங்களுக்குத் தெரியாதுதானே” என்று கேட்டா. தெரியாது என்றேன். சைக்கிளை இப்போது ஓடுகிறாவா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே உங்களுக்கும், அம்மா, மகன் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. எரேமியா சொன்ன அந்த ஆமெனை மட்டும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக்காரர் தந்த கடிதம், காணாமற்போனோர் அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பம் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துப் பொலித்தீன் பையில் வையுங்கள். மூலப் பிரதியை ஜெபத்துக்கு வைக்கிறேன் என்று கேட்டாலும் ஒருவர் கையிலும் கொடுக்க வேண்டாம். அந்தத் தீர்க்கதரிசி திரும்ப வந்தால் தனியாக இருந்து கதைக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ‘எந்த ஊர் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். கடிதத்தின் பின்பக்கம் உள்ள விலாசத்துக்கு வருகிற சனிக்கிழமை நான் பஸ்ஸில் வருகிறேன். ஜெபம் நடத்த இல்லை. மகனைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

திருத்தம்

சென்ற இதழில் ஏழை விதவையின் காணிக்கை மத்தேயுவிலும் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். முள்ளியவளையிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ‘ரீச்சர், மாற்கு 12 இலும் லூக்கா 21 இலும்தான் இருக்கிறது. மத்தேயுவில் நான் தேடிப் பார்த்தேன், இல்லை’ என்று தபாலட்டை போட்டிருக்கிறாள். இரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மத்தேயு 28 அதிகாரத்தையும் புரட்டினேன். பிள்ளை சொன்னதுதான் சரி. அவள் தன் விலாசத்தில் வீட்டு இலக்கத்தை எழுத மறந்துவிட்டாள், அனுப்பினால் ஒரு புது வேதாகமம் தபாலில் வரும்.